டெலஸ்கோப்பா, ஹாம் ரேடியோவா? என் நோட்டுப் புத்தகம் சொன்ன கணக்கு

போன மாதம் என் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு ஒரு பையன் வந்தான். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். காயில் எரிந்துபோன போர்வெல் மோட்டாரை அவன் அப்பா கொண்டுவந்திருந்தார். மேஜையில் கிடந்த ரேடியோவைப் பார்த்துவிட்டு, "அண்ணா, முப்பதாயிரம் சேர்த்து வெச்சிருக்கேன், டெலஸ்கோப் வாங்கலாமா, இல்ல இந்த ஹாம் ரேடியோவா?" என்று கேட்டான். கையில் வேலை இருந்ததால் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். பாதிதான் சொன்னோம் என்று அப்புறம் உறுத்தியது. மீதி இது.

ஹாம் ரேடியோ என்றால் பாட்டுக் கேட்கிற பெட்டி இல்லை, வெளியூர்க்காரர்களோடு ரேடியோ அலையில் பேசுகிற பொழுதுபோக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ரேடியோ கட்சி. ஆனால் இரண்டையும் காசு போட்டு வாங்கி, இரண்டையும் கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டணத்து மொட்டை மாடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்சி மாறினேன். 2021-ல் பெங்களூரில் ஒருவரிடம் 6 இன்ச் டாப்சோனியன் (சுழலும் பலகைப் பெட்டியில் நிற்கிற, கண்ணாடி வைத்த வகை) டெலஸ்கோப்பைப் பழையதாக 17,000 ரூபாய்க்கு வாங்கினேன். ரேடியோ அதற்கு அடுத்த வருடம்.

அழகு என்று பார்த்தால் போட்டியே இல்லை, டெலஸ்கோப்தான். சனியை முதல்முறை பார்க்கிறவர்கள் குழாயின் முன்பக்கம் போய் ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள், என் மாமியார் உட்பட. (2025-ல் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருந்ததால் கோலிக்குண்டில் ஊசி செருகிய மாதிரிதான் இருந்தது. அந்த வருடம் வந்த விருந்தாளிகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.) அதோடு நம் பகுதிக்கு ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. நாம் இருப்பது சுமார் 12 டிகிரி வட அட்சரேகையில். துருவ நட்சத்திரம் வடக்கே தரையோடு தரையாக, எங்களுக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குப் பதிலாகத் தெற்கு வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஒமேகா சென்டாரி என்கிற நட்சத்திரக் கொத்து மே மாதம் இரவு பத்து மணிவாக்கில் தெற்கே 30 டிகிரி உயரத்தில் நிற்கும். லண்டனில் எவ்வளவு பெரிய டெலஸ்கோப் வைத்திருந்தாலும் அது அடிவானத்துக்கு மேலே வரவே வராது. நான் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைக்கிற லென்ஸ்) போட்டு 48 மடங்கில் பார்த்தேன், கருப்புத் துணியில் ரவையைக் கொட்டி வைத்த மாதிரி. பெங்களூர் வெளிச்சம் வடமேற்கே வானத்தை வெளுத்து வைத்திருந்தாலும் தெற்குப் பக்கம் எங்களுக்கு இன்னும் பரவாயில்லை.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் ரேடியோ?

நான் எல்லாவற்றுக்கும் நோட்டு போடுகிறவன். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று எழுதி வைக்காவிட்டால் எங்கள் தொழில் ஓடாது. அதே பழக்கத்தில் டெலஸ்கோப்பை வெளியே எடுத்த ஒவ்வொரு இரவையும் எழுதினேன். 2023 முழுக்கச் சேர்த்து 38 இரவு. அதிலும் அரை மணிக்கு மேல் உருப்படியாகப் பார்த்தது 22. நான் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள், கணக்கைப் பாருங்கள். ஜூனில் தென்மேற்குக் காற்று கிளம்பினால், இங்கே மழை பெய்கிறதோ இல்லையோ, மேகம் மட்டும் மேற்கிலிருந்து வரிசை கட்டி வந்துகொண்டே இருக்கும். செப்டம்பர், அக்டோபர் மழைக்காலம். நவம்பரை நம்ப முடியாது. மிச்சம் டிசம்பர் பாதியிலிருந்து மே வரைக்கும். அந்த ஐந்து மாதத்தில் நிலா பாதியைத் தின்றுவிடும், பௌர்ணமியை ஒட்டிய பத்து நாளில் நிலாவைத் தவிர எதையும் பார்க்கப் பிடிக்காது. ஏப்ரலில் இன்னொரு தொல்லை, மாடித் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். வியாழனைப் பிடித்தால் கொதிக்கிற ரசத்தில் தக்காளி மிதக்கிற மாதிரி ஆடும். பத்து மணிக்குமேல் ஆட்டம் அடங்கும், ஆனால் காலை ஏழு மணிக்குக் கடை திறக்கிறவன் என்ன செய்வது? மே கடைசியில் மாங்கூழ் ஆலைகள் ஓட ஆரம்பித்தால் மோட்டார் மேல் மோட்டாராக வரும், அப்போது வீடு வந்து சேரவே ஒன்பதரை ஆகும்.

மாடி வேண்டாம், இருட்டான இடத்துக்குப் போகலாமே என்பீர்கள். போனேன். வத்தல்மலையில் ஒருநாள் பார்த்த வானத்தை இன்னும் மறக்கவில்லை, என் பாட்டி ஆறாமீன் என்று சொல்லும் கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணாலேயே எட்டு எண்ணினேன். ஆனால் என் குழாய் நாலடி நீளம், பைக்கில் ஏறாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் இருட்டு இன்னும் ஒசத்தி. அங்கே குட்டி யானையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனால் ரோட்டில் பெரிய யானை நிற்கும். ராத்திரியில் அந்தப் பக்கம் விளையாட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது ரேடியோவின் கணக்கு. அதே 2023-ல் யாரோடு பேசினேன் என்று குறிக்கிற என் லாக் புத்தகத்தில் ஏதாவது எழுதியிருக்கிற நாட்கள் 211. தினம் இருபது நிமிடம், சில நாள் பத்து. எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து, கை கழுவி, சுவிட்சைப் போட்டு, குமிழைத் திருப்பினால் அந்த நொடியில் யாரோ எங்கேயோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேகம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நிலா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பொழுதுபோக்கு என்பது பொழுது கிடைக்கிற நேரத்தில் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. எனக்கு முடிவைத் தீர்த்தது இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

ஆனால் வாங்கிய அன்றே பேச முடியாது. இதை அந்தப் பையனிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். டெலஸ்கோப்புக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம், ஹாம் ரேடியோவுக்கு மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் என்கிற புள்ளி-கோடு தந்தி மொழி தேவையில்லை, கால்சைன், அதாவது ரேடியோவில் நம் அடையாளப் பெயர், வியூ3 என்று ஆரம்பிக்கும். ஜெனரலுக்கு வியூ2. நான் வியூ3-தான், மோர்ஸ் பக்கம் இன்னும் போகவில்லை. தேர்வில் ரேடியோ கோட்பாடு ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. காயில் கட்டுகிறவனுக்கு முதல் பகுதி தண்ணீர் பட்ட பாடு, இரண்டாவதைத்தான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உருப்போட்டேன். கியூ.டி.ஹெச் என்றால் இருக்கிற இடம், கியூ.ஆர்.எம் என்றால் அடுத்தவர் இடைஞ்சல், இப்படி ஒரு பட்டியல். விண்ணப்பித்ததிலிருந்து உரிமம் கைக்கு வரும்வரை எனக்கு எட்டு மாதம் ஆனது. அதனால் ஆசை இருந்தால் இன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள், வேண்டுமா வேண்டாமா என்று அந்த எட்டு மாதத்தில் யோசித்துக்கொள்ளலாம். இன்னொன்று, இதில் வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. மோட்டார் ரெடி என்று இதில் தகவல் சொல்ல முடியாது, அதற்கு செல்போன்தான்.

செலவைப் பற்றி ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். ஜப்பான் ரேடியோ புதிதாக வாங்கினால் உண்மையிலேயே லட்சத்தைத் தொடும். நான் வாங்கியது ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகை ரேடியோ, 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கானது, ஒருவர் பயன்படுத்திய பழசு. அந்த வடிவமைப்பின் ஆரம்ப மாதிரியில் காயில் சுற்ற விலை அதிகமான வளையங்களுக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய் வாஷரையே பயன்படுத்தியிருந்தார் என்று படித்ததும், இவர் நம்ம ஆள் என்று முடிவு செய்துவிட்டேன். வெளியே போகிற சக்தி 7 வாட் அளவு. எங்கள் வீட்டு ஹாலில் எரிகிற எல்.இ.டி பல்பே 9 வாட்.

ஆன்டெனாவுக்குப் பத்துப் பைசா செலவில்லை. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் வரும், 7.1-க்கு ஏறக்குறைய 20 மீட்டர். கடையில் மிஞ்சிய ஒயரிங் கம்பியைப் பத்துப் பத்து மீட்டராக வெட்டி, நடுவில் ரேடியோவுக்குப் போகிற கோஆக்ஸ் கேபிளைச் சேர்த்து, ஒரு முனையைத் தென்னை மரத்திலும் மறு முனையை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் கட்டினேன். அப்புறம் நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரைப் பார்ப்பது. ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று அது காட்டும், 1-ஐ நெருங்க நெருங்க நல்லது. 2.4-ல் ஆரம்பித்து 1.3-க்கு இறங்கும்போது கிடைக்கிற சந்தோஷம், ஒமேகா சென்டாரிக்கு ஒரு மாற்றுக்கூடக் குறைந்ததில்லை. பராமரிப்பு என்றால் அந்தக் கயிறுதான். தேங்காய் பறிக்க வந்தவர் ஒருமுறை இடைஞ்சலாக இருக்கிறதென்று அரிவாளால் அறுத்துவிட்டார், பாவம், அவருக்கு அது துணி காயப்போடுகிற கயிறு. இடி மின்னலுக்குப் பயப்பட வேண்டும், கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தால் முதல் வேலை கேபிளைப் பிடுங்கி வெளியே போடுவது. டெலஸ்கோப்புக்குக் கண்ணாடியை அவ்வப்போது நேர்ப்படுத்துவது, தூசி படாமல் மூடி வைப்பது, அவ்வளவே. இதில் டெலஸ்கோப் ஜெயித்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். திருப்பி விற்பதிலும் அதுதான், யாரும் வாங்குவார்கள். ரேடியோவை உரிமம் உள்ளவருக்குத்தான் கொடுக்க முடியும், அந்த ஆளைத் தேட வேண்டும்.

7 மெகாஹெர்ட்ஸ் பகலில் சில நூறு கிலோமீட்டருக்குள் பேசும், சூரியன் இறங்க இறங்க நீளும். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் பதில் சொன்னவர் கொல்லத்துக்காரர். அவர் மலையாளத்தில் பேச, நான் தமிழில் பேச, நடுநடுவே இரண்டு பேரும் இங்கிலீஷில் கால்சைன் சொல்ல, என் கை நடுங்கி மைக் பட்டனை விட்டுவிட்டு மூன்று தடவை பாதியிலேயே அறுத்தேன். "ஐந்து ஐந்து" என்று ரிப்போர்ட் கொடுத்தார், அதாவது பேச்சு முழுக்கப் புரிகிறது, சிக்னல் பலம் சுமார். கிருஷ்ணகிரிக்காரனுக்கு இதில் ஒரு வசதி, தெலுங்கும் கன்னடமும் சந்தையிலேயே பழகிவிடுகிறோம், அனந்தபூரோ தும்கூரோ யார் வந்தாலும் சமாளிக்கலாம்.

வெளிநாட்டுத் தூரம் பற்றி நான் பேசக் கூடாது. 7 வாட்டில் நாக்பூர் வரை எட்டியிருக்கிறேன், இலங்கை இரண்டு முறை. எஃப்.டி.8 என்று கம்ப்யூட்டர் வழியாகப் பேசுகிற முறையில் இதே சக்தியில் கண்டம் தாண்டலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், நான் செய்ததில்லை. (அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோ டெய்லர் 1993-ல் நோபல் வாங்கிய ரேடியோ வானியலாளர், இரண்டு கட்சிக்கும் பொதுவான ஆள்.) அதே மாதிரி டெலஸ்கோப்பில் கேமரா மாட்டிப் படம் எடுக்கிறவர்கள் உலகம் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு மேகக் கணக்கு வேறு மாதிரி இருக்கலாம், கிடைத்த நாலு இரவில் எடுத்த படத்தை நாலு மாதம் உட்கார்ந்து திருத்துகிறார்களாமே.

டெலஸ்கோப்தான் வேண்டும் என்கிறவர் முதலில் ஒரு 10×50 பைனாகுலர் வாங்கி ஒரு குளிர்காலம் ஓட்டிப் பாருங்கள். அப்படியே காவலூர் வானாய்வகத்துக்கும் போய் வாருங்கள், திருப்பத்தூர் வழியாகப் போனால் நமக்குப் பக்கம்தான். சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. அங்கே இருக்கிற 2.34 மீட்டர் டெலஸ்கோப்புக்கு வானியலாளர் வைணு பாப்பு பெயரை 1986 ஜனவரியில் சூட்டிய ராஜீவ் காந்தி ஒரு ஹாம், அவர் கால்சைன் வியூ2ஆர்ஜி.

இரண்டுக்கும் ஒரே எதிரி உண்டு, தெருவிளக்கு. எங்கள் தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி போட்ட நாளிலிருந்து வானமும் வெளுத்தது, ரேடியோவிலும் கொசுக் கூட்டம் மாதிரி இரைச்சல் ஏறிவிட்டது. கண்ணுக்குப் படுகிற வெளிச்சம் ஒருபக்கம் என்றால், உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற மலிவான சர்க்யூட் நாங்கள் பேசுகிற ஹெச்.எஃப் அலைவரிசையில் இரைகிறது. அதனால் ஊரில் கரண்ட் போனால் எங்கள் வீட்டில் மட்டும் கொண்டாட்டம்.

போன பிப்ரவரியில் ஒருநாள் எட்டு மணிக்குப் போனது. ஊரே இருட்டு. நான் ரேடியோவைப் பழைய 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினேன், இரைச்சல் துடைத்து எடுத்த மாதிரி போயிருந்தது. இதுவரை கேட்காத குரலெல்லாம் கேட்டது, குஜராத்திலிருந்து ஒருவர் நிதானமாகத் தன் மாடித் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெண்ணும் அவள் அம்மாவும் லாஃப்டிலிருந்து குழாயை இறக்கி, மாடிக்குத் தூக்கி, கண்ணாடியைச் சரிபார்த்து, ஓரியன் நெபுலாவைப் பிடிப்பதற்குள் அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. "அப்பா, சீக்கிரம் மேல வாங்க, பச்சையா தெரியுது" என்று மேலிருந்து கத்தினாள். குஜராத்காரரிடம் எழுபத்துமூன்று (ஹாம்காரர்கள் விடைபெறும் வாழ்த்து) சொல்லி முடித்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினேன். பாதிப் படியில் இருக்கும்போது தெருவிளக்கு எரிந்தது.