மழைக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி: எங்கள் பகுதி மருத்துவமனையின் சேவை

சென்னையில் இன்ஃப்ளூயன்சா எனும் ஃப்ளூ காய்ச்சல் அதிகம் பரவுவது வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான்; டெல்லியிலும் புனேயிலும் அது ஜூலையிலேயே தலைதூக்கிவிடும். ஊசி போட்ட பின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், நம் ஊருக்குச் செப்டம்பர் மாதமே பொருத்தமானது. தாம்பரம் அருகே நாங்கள் செல்லும் சிறிய மருத்துவமனை இதை நன்கு உணர்ந்து, ஆகஸ்ட் இறுதியிலேயே சர்க்கரை நோயாளிகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டுகிறது. அப்படி வந்த அழைப்பின் பேரில்தான் அம்மாவையும் ஏழு வயது மகளையும் அங்கே அழைத்துச் சென்றேன்.

என் மனத்துக்கு மிகவும் பிடித்தது அவர்கள் காட்டிய கவனம். இப்போது காய்ச்சல் இருக்கிறதா, முன்பு ஏதேனும் தடுப்பூசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததா என்று மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே செவிலியர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். அதன் கதவில் ஒட்டியிருந்த தாளில் காலையும் மாலையும் வெப்பநிலை குறிக்கப்பட்டிருந்தது. எல்லா எண்களும் தடுப்பூசிக்கு வேண்டிய 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தன. மருந்துப் பெட்டியை எங்கள் கையில் கொடுத்து, எந்தப் பருவத்துக்கானது, காலாவதி தேதி என்ன என்று பார்க்கச் சொன்னார். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசியின் கலவையைப் பரிந்துரைக்கிறது; ஆகவே கடந்த பருவத்து இருப்பைத் தலையில் கட்டிவிடாத இடம் எது என்று பார்ப்பது மிக முக்கியம்.

ஊசி போட்டாலே காய்ச்சல் வந்துவிடும் என்று அம்மா தயங்கினார். இதில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ், அதனால் ஃப்ளூ வராது, கை வலியும் லேசான உடல் சூடும் ஓரிரு நாளில் அடங்கிவிடும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தை முதன்முறையாகப் போட்டுக்கொள்வதால், நான்கு வாரம் கழித்து இரண்டாவது தவணை வேண்டும் என்று மகளின் அட்டையில் தேதியையும் எழுதிக் கொடுத்தார். தடுப்பூசி எல்லா ஃப்ளூவையும் தடுத்துவிடாது, நோய் முற்றும் ஆபத்தையே பெரிதும் குறைக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. கடும் காய்ச்சல், உடல்வலி, இருமல் வந்தால் அம்மாவைப் போன்றவர்கள் காத்திருக்காமல் வர வேண்டும், ஏனெனில் ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஒசெல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம் என்றார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்கும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது என்பதை இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்லும் மருத்துவர்கள் இன்னும் பலர் வேண்டும்.

குறை என்றால், காத்திருப்புக் கூடத்தைத்தான் சொல்வேன். இருமிக்கொண்டு வந்தவர்களும் ஊசிக்காக வந்த முதியவர்களும் ஜன்னல் சாத்திய ஒரே ஏசி அறையில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்தது. ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் இருக்கச் சொன்னதும் அதே இடத்தில்தான். தடுப்பூசிக்கென்று தனி நேரம் ஒதுக்குவது அவர்களால் இயலாத காரியமல்ல. அரசு இலவசமாகப் போடும் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால் செலவு முழுவதும் நம்முடையதே. ஊசி ஒன்றுக்கு 1,800 ரூபாய் என்பதை எங்கும் எழுதிவைக்காமல் ரசீது போடும்போதுதான் சொன்னார்கள்.

செல்ல விரும்புவோர் புதிய பருவத்து மருந்து வந்துவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, கூட்டம் சேரும் முன் காலையிலேயே, முகக்கவசத்துடன் செல்லுங்கள்.