மைண்ட்ஹன்டரா, தி ஏலியனிஸ்டா?

கொலையாளியின் மனத்தைப் படிப்பதுதான் இரண்டு தொடர்களுக்கும் அடிப்படை. ‘தி ஏலியனிஸ்ட்’ 1896 நியூயார்க்கில் நடக்கிறது. மனநல மருத்துவர் கிரைஸ்லர் பிணத்தின் காயங்களை வைத்தே ஆளை ஊகிக்கிறார். போலீஸ் துப்பறிவாளர்களான ஐசக்சன் சகோதரர்கள் கைரேகை எடுக்கிறார்கள். அன்றைய அமெரிக்க நீதிமன்றத்தில் அது செல்லாது.

‘மைண்ட்ஹன்டர்’ 1977இல் தொடங்குகிறது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் ஆட்கள் சிறைக்கே போய், எட் கெம்பர் போன்ற தொடர் கொலையாளிகளை டேப் ரெக்கார்டர் முன் பேச வைக்கிறார்கள். வன்முறையைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. மேசைக்கு இருபுறமும் நடக்கும் பேச்சே வயிற்றைக் கலக்கும். வாயைப் பிடுங்க, எஃப்பிஐ ஆளான ஹோல்டன் கைதியின் கொச்சை மொழிக்கே இறங்குகிறார். அதுவே பிறகு அவருக்கு வினையாகிறது. விசாரணை முறை புரிய இதுதான் மேல். ஆனால் 2019இல், 19 எபிசோடுகளோடு, ‘பிடிகே’ என்ற பட்டப்பெயர் கொண்ட தொடர் கொலையாளியின் கதை முடியாமலே நின்றுவிட்டது. ஏலியனிஸ்ட் முதல் சீசன் 10 எபிசோடுகளில் வழக்கை முடித்துவிடும்.