ஓரியன்டியரிங் ஓட்டத்துக்குக் காசு கட்ட முன் இதைப் படியுங்கள்: எங்கள் 32,000 ரூபா போச்சு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறோம். 32,000 ரூபா. ஓரியன்டியரிங் என்றால் வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து, குறித்த இடங்களைத் தேடி ஓடுகிற விளையாட்டு. நாலு பேர் அணி. ஆளுக்கு 6,000 ரூபா நுழைவுக் கட்டணம், ஒவ்வொரு இடத்துக்கும் போனதைப் பதியும் எலக்ட்ரோனிக் சிப்புக்கு ஆளுக்கு 2,000 ரூபா டிபொசிட். போன ஞாயிறு ஓட்டம். இன்றைக்குப் புதன். ஒரு சதம் திரும்பி வரவில்லை. காசு போனது ஒரு பக்கம். அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்திலும் மூன்று பேர் தோட்டத்துக்குள்ளே நின்றார்கள், நடத்தியவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

பெயர் போடவில்லை. கம்பனிகளுக்கு வார இறுதியில் 'டீம் பில்டிங்' நடத்தும் கொழும்புக் குழு ஒன்று. முகநூல் பக்கம் உண்டு, அலுவலகம் கிடையாது.

ஏமாந்த இடம் வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடை. குழுவை நடத்துகிறவர் பன்னிரண்டு பக்க விதிக் கோவையை மேசையில் விரித்தார். இந்த விளையாட்டு எங்களுக்குப் பழக்கம் என்பதால் குறுக்குக் கேள்வி கேட்டோம். கொன்ட்ரோல் எண்கள், அதாவது தேடிப் போகிற இடங்களின் எண்கள், ஏன் 31இல் தொடங்குகின்றன? "முதலாவது, இரண்டாவது என்ற வரிசை எண்ணோட குழம்பாம இருக்க" என்றார். சரி. உதவி கேட்கும் விசில் சைகை? "நிமிஷத்துக்கு ஆறு தரம், ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஆறு. பதில் மூன்று." சரி. அணி பிரியலாமா? "கூப்பிட்டா கேட்கிற தூரத்தைத் தாண்டினா தகுதி நீக்கம்." அதுவும் சரி. பிறகு பையிலிருந்து செம்மஞ்சள் விசில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "அண்ணா, இது கழுத்தில இல்லாம ஒருத்தரையும் உள்ளே விடமாட்டேன்." அந்த ஒரு பேச்சில் விழுந்தோம். கடையை விட்டு எழும்ப முன்னமே 32,000 ரூபாவையும் போனில் அனுப்பிவிட்டோம்.

இடம் அவிசாவளைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டம். காலை 7.30க்குத் தொடங்க வேண்டிய ஐந்து மணி நேர ஓட்டம் 10.40க்குத்தான் தொடங்கியது. ஐப்பசியில் அந்தப் பக்கம் மதியம் திரும்பினால் இடியும் மழையும். மூன்று மணி நேரம் பிந்தினால் ஓட்டத்தைச் சுருக்க வேண்டும், தூரத்துக் கொன்ட்ரோல்களை வெட்ட வேண்டும். இவர்கள் செய்தது என்ன? முடியும் நேரத்தை 3.40க்குத் தள்ளிவிட்டு, "நேரம் போச்சு, இரண்டு இரண்டு பேராப் பிரிஞ்சு போங்க" என்று மைக்கில் சொன்னார்கள். தங்கள் கோவையின் முதல் விதியைத் தாங்களே மீறினார்கள். நாங்கள் பிரியவில்லை. பல அணிகள் பிரிந்தன.

வரைபடம் 1:10,000 என்று அச்சிட்டிருந்தது. உண்மையில் அது 1:50,000 வரைபடத்தைப் பெரிதாக்கிய பிரதி. அந்த அளவில் 2 மில்லிமீற்றர் பிழை நிலத்தில் 100 மீற்றர். தாளைப் பெரிதாக்கினால் பிழையும் கூடவே பெருக்கும், இல்லாத பாதை வந்து சேராது. றப்பர் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை. கானும் பால் வெட்டும் பாதைகளும்தான் அடையாளம். அவை ஒன்றுகூட அதில் இல்லை.

தந்த திசைகாட்டிகள் ஐரோப்பாவுக்கென்று சமன்செய்தவை. அங்கே ஊசியின் வடமுனை கீழே சாயும், அதனால் தென்பக்கத்தில் சிறு பாரம் வைப்பார்கள். இலங்கை காந்த நடுக்கோட்டுக்கு, அதாவது ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் மட்டமாக நிற்கும் கோட்டுக்கு, கிட்ட இருப்பதால், இங்கே அந்தப் பாரமே ஊசியைச் சாய்த்து அடியில் உரச வைக்கும். ஊசி பாதியில் நிற்கும், நாம் அதையே வடக்கு என்று நம்பி நடப்போம்.

சிப் வரவே இல்லை. பதிலுக்கு ஒரு அட்டை. அட்டையானால் பழைய முறை ஒன்று இருக்கிறது: தொடக்கத்தில் ஒரு துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டு, முடிவில் வந்த அட்டையோடு பொருத்துவது. மீந்த துண்டுகள்தான் இன்னும் உள்ளே நிற்பவர்கள். அதையும் செய்யவில்லை.

இரண்டேகால் மணிக்கு இடி தொடங்கியது. எங்களில் ஒருவர் கானுக்குள் கால் வைத்துக் கணுக்காலைப் பிரட்டிக்கொண்டார். ஆறு விசில், ஒரு நிமிஷம், மறுபடி ஆறு. மூன்று சுற்று. பதில் இல்லை. இருநூறு மீற்றர் தள்ளித் தண்ணீர் மேசையில் இருந்த பையன் பிறகு சொன்னான், "யாரோ விளையாடுறாங்கன்னு நினைச்சேன்." அவனில் பிழை இல்லை, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தோளில் தாங்கிக்கொண்டு 4.50க்கு வந்து சேர்ந்தோம். முடிவு மேசையை மடித்துவிட்டார்கள். முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டரும் பாதிப் போத்தல் டெட்டோலும். சுற்றிக் கட்ட ஒரு பண்டேஜ் இல்லை. "எல்லாரும் வந்தாச்சு" என்றார் அந்த மனுசன். கூடாரத்து ஓரத்தில் நனைந்தபடி மூன்று பைகள் கிடந்தன. ஒன்றில் ஒரு பிள்ளையின் மஞ்சள் தண்ணீர்ப் போத்தல் செருகியிருந்தது. இது யாருடையது என்று கேட்டோம். பெயர்ப் பட்டியல் "வட்ஸ்அப்பில இருக்கு" என்றார். போனில் சார்ஜ் இல்லை. அந்த மூவரும் 6.20க்கு, தோட்டத்துக் காவலாளி கூட்டிவர, மற்றப் பக்கத்து ரோட்டால் வந்தார்கள்.

பிறகு தொடங்கியது இழுத்தடிப்பு. திங்கள்: "டிபொசிட் சிப் கம்பனியிட்ட இருக்கு." வராத சிப்புக்கு என்ன டிபொசிட்? செவ்வாய் காலை: "அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர் ஊருக்குப் போயிட்டார்." மாலை: "ஓட்டம் நடந்ததுதானே, ரீஃபண்ட் இல்லை. அடுத்த தரம் 20 வீதம் கழிச்சுத் தாறம்." 32,000 ரூபாவை விழுங்கிவிட்டு, இன்னும் காசு கொண்டுவா என்கிறார். இன்று காலையிலிருந்து போன் எடுப்பதில்லை.

காசு கட்ட முன் பார்க்க வேண்டியவற்றை முழுப் பட்டியலாக எழுதத்தான் நினைத்தோம். இப்போதைக்கு இவ்வளவும். முதல் கேள்வி: உள்ளே நிற்பவர்களை எண்ணுவது யார், எப்படி? ஆளைக் காட்டச் சொல்லுங்கள். விதிக் கோவையைப் பார்த்து மயங்காதீர்கள், எங்களுக்குக் காட்டியதில் ஒரு பிழையும் இல்லை. அந்த நிலத்துக்கே கீறிய வரைபடமா, காணிக்காரரின் எழுத்து அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். திசைகாட்டி சொந்தமாகக் கொண்டுபோங்கள். ஆளுக்கொரு விசில், அணிக்கொரு மீள்பட்டி (சுற்றிக் கட்டும் இழுபடும் பண்டேஜ்). வழி தவறினால் எந்தத் திசையில் நடந்தால் ரோட்டு வரும் என்பதைத் தொடங்க முன்னமே கேட்டு வரைபடத்தின் பின்பக்கம் எழுதுங்கள். ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ். முழுக் காசையும் முற்கூட்டி அனுப்பாதீர்கள்.

நாங்கள் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடப் போகிறோம். இதே குழுவிடம் காசு கட்டியவர்கள் வங்கி ஸ்லிப்பையும் வட்ஸ்அப் பேச்சையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். எங்களுக்கு அனுப்பியதில் பாதியை அவர் நேற்றிரவே அழித்துவிட்டார்.