வெண்ணெய் மாதிரி திரும்பிய லென்ஸ்: பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

பரந்த காட்சியைப் பிடிக்கும் பழைய வைட் லென்ஸ் ஒன்றை நம்பி ஸ்ரீநகர் வரை போய், சினார் மரங்களை நினைத்தபடி எடுக்க முடியாமல் திரும்பியிருக்கிறேன். இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

லென்ஸ், நிக்கான் கம்பெனியின் நிக்கோர் 24 மிமீ எஃப் 2.8, பழைய ஏஐ-எஸ் வகை. ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். வெளிச்சம் நுழையும் துவாரமான அபர்ச்சரில் ஏழு பிளேடுகள். எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும். எஃப் 11 வைத்து, இலை இடுக்கில் எட்டிப் பார்க்கும் சூரியனை எடுத்தால் 14 கதிர்களோடு கூர்மையான நட்சத்திரம் விழும். சினார் மரத்தடியில் நின்று அண்ணாந்து, சிவந்த இலைகளுக்கு நடுவே அந்த நட்சத்திரத்தோடு ஒரு படம் வேண்டும். அதற்காகவே வாங்கினேன்.

வாங்கியது சென்னையில் பழைய கேமரா விற்கும் ஒரு கடையில், ஆகஸ்ட் மாதம். "தம்பி, ஃபோகஸ் ரிங்கைத் திருப்பிப் பாருங்க, வெண்ணெய் மாதிரி போகுது. யாரும் திறக்காத பீஸ்" என்றார் கடைக்காரர். நிஜமாகவே அப்படித்தான் திரும்பியது. டார்ச் அடித்துப் பார்த்தேன், பூஞ்சை இல்லை. அங்கேயே நாலைந்து படம் எடுத்தேன், சரியாக வந்தன. 16,000 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

நவம்பர் முதல் வாரம் நசீம் பாக் போனேன். ஸ்ரீநகரின் ஹஸ்ரத்பாலில், காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் முகலாயர் காலத்துச் சினார் தோப்பு அது. அங்கே இலையுதிர் காலத்தை ஹருத் என்கிறார்கள். இலைகள் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, துருச் சிவப்பாகி, பிறகு உதிர்ந்துவிடும். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் எல்லாம் முடிந்துவிடும். எனக்குக் கிடைத்தது மூன்று காலைப் பொழுதுகள்.

முதல் நாள் காலை நல்ல குளிர், 5 டிகிரி கூட இருந்திருக்காது. எஃப் 11-இல் எடுத்த முதல் படமே வெளுத்துப் போயிருந்தது. சிவப்பு இலையெல்லாம் வெளிறிய மஞ்சள். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, இரண்டு ஸ்டாப் குறைத்தேன், அடுத்த படம் ஓரளவு வந்தது, அதற்கடுத்தது மறுபடி வெளுத்தது. கேமராதான் கெட்டுவிட்டது என்று பயந்துபோனேன். அந்தக் காலை முழுக்க மெனுவைத் துழாவியே போய்விட்டது.

மறுநாள் லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் இருக்கும் அபர்ச்சர் நெம்புகோலை விரலால் தள்ளி விட்டுப் பார்த்தேன். சட்டென்று மூட வேண்டிய பிளேடுகள் தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல மெல்ல நகர்ந்தன. பக்கத்து டீக்கடைக்காரர் தன் காங்ரியை, அதாவது குளிர்காயும் கரிச்சட்டியை, என் பக்கம் நகர்த்தி வைத்தார். உதிர்ந்த சினார் இலைகளை எரித்துக் கரியாக்கித்தான் அங்கே பலரும் காங்ரியில் போடுகிறார்கள். அந்தக் கதகதப்பில் சற்று நேரம் லென்ஸை வைத்திருந்த பிறகு பிளேடுகள் கொஞ்சம் வேகமாக அசைந்தன. அப்போதுதான் புரிந்தது, பிளேடுகளில் எண்ணெய். சென்னை வெயிலில் இளகியிருந்ததால் தெரியவில்லை. குளிரில் கெட்டியாகிப் பிடித்துக்கொண்டது. கேமரா ஷட்டரைத் திறக்கும் நேரத்துக்குள் பிளேடுகள் மூடவில்லை, அதனால்தான் அத்தனை வெளிச்சமும் உள்ளே போனது. வ்யூஃபைண்டரில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அதில் பார்க்கும்போது லென்ஸ் எப்போதும் முழுக்கத் திறந்துதான் இருக்கும், கிளிக் செய்யும் நொடியில்தான் பிளேடுகள் மூடும்.

மிச்ச நேரமெல்லாம் பிளேடுகள் மூடவே வேண்டாத எஃப் 2.8-இலேயே எடுத்தேன். நட்சத்திரம் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மேகம் மூடிவிட்டது.

ஊர் திரும்பி ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். லென்ஸின் முன்பக்கம் பெயர் எழுதியிருக்கும் வளையத்தின் ஓரத்தில் கருவி வழுக்கிய கீறல்களைக் காட்டினார். ஏற்கெனவே திறந்த லென்ஸ். ஃபோகஸ் ரிங் இலகுவாகத் திரும்ப வேண்டும் என்று உள்ளே கிரீஸை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். அதிலிருந்து கசிந்த எண்ணெய்தான் பிளேடுகளில் இறங்கியிருக்கிறது. கடைக்காரர் பெருமையாகச் சொன்ன அந்த வெண்ணெய்தான் கோளாறே. திரும்பப் பூட்டும்போது ஒரு கண்ணாடியும் சாய்ந்திருக்கிறது. என் படங்களில் இடது ஓரத்து இலைகள் ஏன் குழைந்துபோயிருந்தன என்பதும் அப்போது விளங்கியது.

கடைக்குப் போனேன். தம்பி இப்போது சார் ஆகிவிட்டது. "சார், பழைய லென்ஸ்னா அப்படித்தான் இருக்கும். நீங்க பார்த்துதானே வாங்குனீங்க?" பணமும் இல்லை, மாற்று லென்ஸும் இல்லை. துண்டுச் சீட்டில் கடைப் பெயர்கூட இல்லாததால் மேற்கொண்டு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

வாங்கும் முன் லென்ஸை எஃப் 16-இல் வைத்து அந்த நெம்புகோலைப் பத்து முறை தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். பிளேடு மேல் ஈரம் மாதிரி மினுமினுப்பு தெரிந்தால் வேண்டாம். ஆனால் வெயில் காலத்தில் இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள், என் லென்ஸ் அன்று இதில் தேறியிருக்கவும் கூடும். அதனால் திருகுகளிலும் வளையத்திலும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். எதிரே உள்ள கட்டிடத்தை எஃப் 2.8-இல் எடுத்து, இரண்டு ஓரங்களையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று கடைப் பெயர் உள்ள பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

போன வாரம் அதே கடை ஒரு 28 மிமீ லென்ஸை விற்பனைக்குப் போட்டிருக்கிறது. "வெண்ணெய் போன்ற ஃபோகஸ், யாரும் திறக்காதது" என்றே எழுதியிருக்கிறார்கள்.