பள்ளி முடிந்ததும் ஊழியமா, ஒரு வருடம் கல்லூரிக்குப் பிறகா?

மார்மன் சபை எனப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் 2012 வரை மகன்கள் பொதுவாக 19 வயதில்தான் ஊழியத்துக்கு, அதாவது வீட்டை விட்டு இரண்டு ஆண்டு சபையின் செய்தியைச் சொல்ல, போனார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வயது வரம்பு 18 ஆனதும் பெற்றோருக்கு இந்தக் கேள்வி வந்துவிட்டது.

பள்ளி முடிந்த கையோடு போனால் படிப்பு நடுவில் அறுபடாது. வேதம் படிக்கும் பழக்கமும் சூடு ஆறாமல் இருக்கும். ஆனால் நேற்றுவரை அம்மா எழுப்பி எழுந்தவன், 24 மாதம் முன்பின் தெரியாத துணை ஊழியர்களுடன், ஒருவர் மாற்றி ஒருவராக, ஒன்றாகத் தங்க வேண்டும். துணி துவைப்பது, சமைப்பது, கையில் இருக்கும் காசை மாதக் கடைசி வரை இழுப்பது எல்லாம் கிளம்பும் முன்பே பழகியிருக்க வேண்டும். வேதபாடத்தைவிட இதில்தான் பல பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு வருடம் விடுதியில் இருந்தவனுக்கு அது தானாகவே வந்திருக்கும். செலவுக்குச் சேர்க்கவும் அவகாசம் உண்டு. ஊழியச் செலவு அமெரிக்கக் குடும்பங்களுக்கு 2020 முதல் மாதம் 500 டாலர். சிக்கல், கல்லூரி இடத்தையும் உதவித்தொகையையும் இரண்டு ஆண்டு நிறுத்தி வைப்பார்களா என்பதுதான். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், காதல் வந்துவிட்டால் அது தனிக் கதை!

பிள்ளையைப் பிரிந்திருப்பது இரண்டு வழியிலும் ஒன்றுதான். ஊழியத்தில் இருப்பவர்கள் 2019 முதல் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசலாம்.

தனியாக ஒரு வாரம் சமாளிக்கத் தெரிந்தவன் என்றால் நான் 18-லேயே அனுப்புவேன். அவனே தயங்கினால் கல்லூரி.