சிஇஏயா, சிஏ 19-9ஆ: இரைப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின்

இரைப்பைப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின் யாழ்ப்பாணத்திலோ தெல்லிப்பழையிலோ கிளினிக்குக்குச் செல்வோர், நோய் திரும்புகிறதா என்று அறிய சிஇஏ, சிஏ 19-9 ஆகிய இரு குருதிப் பரிசோதனைகளில் (புற்றுநோயில் குருதியில் கூடக்கூடிய பொருட்களை அளப்பவை) எது மேல் என்று கேட்பதுண்டு. பொதுவாக மில்லிலீற்றருக்கு 5 நனோகிராமுக்குள் இருக்கவேண்டிய சிஇஏ, ஈரலுக்குப் பரவும் நோயை உணர்த்த உதவும். ஆனால் புகைப்பவர்களிடம் (சுருட்டும் இதில் அடக்கம்) நோயின்றியே சற்றுக் கூடியிருக்கலாம். மில்லிலீற்றருக்கு 37 அலகுக்குள் இருக்கவேண்டிய சிஏ 19-9, வயிற்றறை உறையில் பரவும் நோயோடு கூடுதலாகத் தொடர்புபட்டது எனினும், பித்தக்கான் அடைப்பிலும் ஏறிவிடும். அதைவிட முக்கியமாக, லூயிஸ் குருதிவகைக் கூறு இல்லாத சிலரது உடலில் இது உருவாவதே அரிது என்பதால், அவர்களுக்கு வரும் தாழ்ந்த பெறுமானத்தை நம்பி ஆறுதலடைய முடியாது. சத்திரசிகிச்சைக்கு முன் எது உயர்ந்திருந்ததோ அதையே, இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில், தொடர்ந்து பார்ப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து. பெறுமானம் தொடர்ந்து ஏறினால் சி.ரி. ஸ்கானும் எண்டொஸ்கோப்பியும் தேவைப்படும்.