புகாரோடு போன் நம்பரையும் எழுதினேன்

எனக்கு 68 வயது. கும்பகோணம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். போன மார்கழியில் என் பென்ஷன் கணக்கிலிருந்து 49,980 ரூபாய் போய்விட்டது. பேஸ்புக்கில் ஒரு மிக்ஸி கம்பெனியின் பக்கத்தில் நான் எழுதிய ஒரே ஒரு கமெண்டால் வந்த வினை அது. என் வயதுக்காரர்கள் இதை முழுசாகப் படியுங்கள். அம்மா அப்பாவுக்கு போன் வாங்கிக் கொடுத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

அந்தக் கம்பெனியின் பக்கத்தை மூன்று வருடமாகப் பார்த்து வருகிறேன். தினமும் ஏதாவது போடுவார்கள். ஒரு துவையல் குறிப்பு, ஒரு விடுகதை, பண்டிகை வந்தால் ஒரு போட்டி. தீபாவளிக்கு "உங்கள் வீட்டுப் பலகாரம் எது? கமெண்டில் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். பாகு பதம் முதற்கொண்டு அதிரசத்தைப் பற்றி நான்கு வரி எழுதினேன். "அருமை அம்மா! எங்களுக்கும் இரண்டு அனுப்புங்கள்" என்று கம்பெனியிலிருந்தே பதில் வந்தது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்களைப் போன்றவர்களுக்கு அது விளம்பரமாகவே தெரிவதில்லை. பெரிய தெருவில் பாத்திரக் கடைக்காரர் "வாங்க டீச்சர், உட்காருங்க" என்று சொல்வாரே, அந்த மாதிரிதான் மனசில் பதிகிறது. பழக்கமான கடை, தெரிந்த ஆள் என்று ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது.

அவர்கள் மிக்ஸியைத்தான் வாங்கினேன். ஐந்தாவது மாதமே கோளாறு. இட்லிப்பொடி அரைத்தால் பாதியில் நின்றுவிடும். கவிழ்த்து, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஓடும். இரண்டு நிமிஷத்தில் மறுபடி நிற்கும். மோட்டாரிலிருந்து கருகல் வாடை வேறு. வாரண்டி அட்டையில் இருந்த நம்பருக்கு இரண்டு நாள் முயன்றேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பாட்டு ஓடும், தானாகவே துண்டித்துக்கொள்ளும். சரி, நம்மோடு பேசுகிறவர்கள்தானே என்று அவர்கள் பக்கத்தில் அன்றைக்குப் போட்டிருந்த படத்தின் கீழே புகாரை எழுதினேன்.

எப்படி எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேதான் நடந்தது. பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்துப் பழகிய கை. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் இருந்தால்தான் அது கடிதம். என் முழுப் பெயர், கதவு எண்ணோடு முகவரி, பின்கோடு, செல் நம்பர், மிக்ஸியின் மாடல், வாங்கிய தேதி, பில் நம்பர் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி, "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தேன். தபாலில் போட்டிருந்தால் அதைப் பெறுநர் மட்டும்தான் பிரித்திருப்பார். இங்கே போகிற வருகிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அதே லோகோ, அதே பெயர், பின்னால் 'கஸ்டமர் கேர்' என்று ஒரு ஒட்டு மட்டும். "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், எங்கள் அலுவலர் அழைப்பார்." பதினைந்து நிமிஷத்தில் போனும் வந்துவிட்டது. நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. "வணக்கம்மா, உங்க மிக்ஸி அடிக்கடி நின்னுடுதுன்னு எழுதியிருந்தீங்க" என்று ஆரம்பித்து, மாடல், பில் நம்பர், வாங்கிய தேதி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். இவ்வளவும் தெரிந்தவன் கம்பெனி ஆளாகத்தானே இருக்க வேண்டும்? நான் எழுதி வைத்ததை எனக்கே வாசித்துக் காட்டினான் என்பது அந்த நேரம் தோன்றவில்லை.

நாளைக்கே மெக்கானிக் வருவார், அதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்பினான். கம்பெனி பெயரைப் போட்டு, முடிவில் ஏ.பி.கே. என்று இருந்தது; அதாவது போனில் நேராக ஆப்பை ஏற்றும் ஃபைல். தொட்டதும் 'இது தெரியாத ஆப், ஆபத்தாக இருக்கலாம்' என்று போனே எச்சரித்தது. படித்துக் காட்டினேன். "எல்லா போன்லயும் அப்படித்தாம்மா வரும், அலோ குடுங்க" என்றான். கொடுத்தேன். அது மெசேஜ்களைப் படிக்க அனுமதி கேட்டது; கொடுத்தேன். மெசேஜுக்கு இதையே முதல் ஆப்பாக வைக்கவா என்று கேட்டது. அதற்கும் சரி என்று அழுத்தினேன். அந்த ஒரு அழுத்தலில்தான் பேங்கிலிருந்து எனக்கு வர வேண்டிய ஓடிபியும், பணம் எடுத்த தகவலும் என் கண்ணில் படாமல் நேராக அவனிடம் போயின. இதெல்லாம் மகள் பிறகு விளக்கித்தான் எனக்குத் தெரியும்.

உள்ளே அழகான ஒரு படிவம். கடைசியில் பதிவுக் கட்டணம் 5 ரூபாய். ஐந்து ரூபாயில் என்ன வந்துவிடப் போகிறது என்று டெபிட் கார்டின் நம்பர், மாதம், வருஷம், பின்னால் இருக்கும் மூன்று எண்கள் எல்லாவற்றையும் போட்டேன். 'சர்வர் பிஸி' என்று வந்தது. "பரவாயில்லம்மா, மெக்கானிக்கிட்ட கையில குடுத்துடுங்க" என்று வைத்துவிட்டான். அவ்வளவு தன்மையாகப் பேசினான்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பால்காரருக்குப் பணம் அனுப்பப் போனால் போகவில்லை. பேலன்ஸ் பார்த்தேன். 1,314 ரூபாய். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம். ராத்திரியில் சொல்ல வேண்டாம் என்று ஒரு சாக்கு. மகளிடம் சொன்னால் "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று போனைப் பிடுங்கி, பழைய பட்டன் போனைக் கையில் கொடுத்துவிடுவாளோ என்கிற பயம். முப்பது வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் இப்படி ஏமாந்தாளா என்று நாலு பேர் பேசுவார்களே என்கிற கூச்சம். ராத்திரி முழுக்கக் கண்ணை மூடாமல் கிடந்து, காலை ஏழு மணிக்குத்தான் ஓசூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டேன்.

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அழாதம்மா. முதல்ல டேட்டாவ ஆஃப் பண்ணு. அப்பா போன்லேருந்து 1930க்கு அடி, நான் கான்ஃபரன்ஸ்ல வரேன்" என்றாள். 1930 என்பது சைபர் மோசடிக்கான உதவி எண், இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான். பேங்க் பெயர், கணக்கு எண், பணம் போன நேரம், டிரான்ஸாக்‌ஷன் எண் எல்லாம் கேட்டார்கள். பாஸ்புக்கை அச்சடித்துப் பார்த்தால் இரண்டு வரி: 24,990, அடுத்த நிமிஷத்திலேயே இன்னொரு 24,990. புகார் எண் கொடுத்துவிட்டு அந்தப் பெண் காவலர் சொன்னார்: "நேத்து சாயங்காலமே கூப்பிட்டிருந்தீங்கன்னா நிறைய நிறுத்தியிருக்கலாம்மா." பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று தாவிக்கொண்டே இருக்குமாம். கடைசியில் பிடித்து நிறுத்தி வைத்தது 11,200 ரூபாய். அதுவும் இன்னும் என் கைக்கு வரவில்லை.

பேங்க் மேனேஜர் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். நம் தவறோ பேங்கின் தவறோ இல்லாமல் வெளி ஆள் திருடியிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் கார்டு விவரத்தை நாமே கொடுத்திருந்தால், பேங்குக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில்தான். தெரிவித்த பிறகு போவதற்குத்தான் பேங்க் பொறுப்பு என்று அதில் இருந்தது. படிவத்தில் எண்ணைப் போட்டது நான்தானே. வாயடைத்துத் திரும்பினேன். கார்டை முடக்கி, அந்த ஆப்பை நீக்கி, எனக்கு வரும் போன் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பியிருந்தால் அது போகட்டும் என்று ##002# அடித்து, போனையே முழுதாக அழித்துப் புதிதாக்கிக் கொடுத்தாள் மகள். பிடுங்கவில்லை.

கம்பெனியைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. ஒருவழியாக அவர்களுடைய நிஜமான அலுவலரே லைனில் கிடைத்தார். "அந்த நம்பர் எங்களுடையது இல்லை மேடம், நாங்கள் பொறுப்பில்லை" என்றார். நம்பர் உங்களுடையது இல்லை, சரி. பக்கம் உங்களுடையதுதானே? அதிரசத்துக்குப் பதில் போட ஆள் இருந்தது. என் புகாருக்குக் கீழே உங்கள் லோகோவை மாட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். நான்கு நாளாகியும் அதை அழிக்க ஒருவரும் இல்லை. பேசு பேசு என்று எங்களை அழைக்கிறவர்கள், நாங்கள் வந்து பேசும் இடத்தில் ஒரு காவலாளையாவது போட வேண்டாமா? இதைக் கேட்டேன். "மேலிடத்துக்குத் தெரிவிக்கிறோம்" என்றார். மிக்ஸிக்காக 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, தனியாகப் புகார் கொடுத்தேன். மூன்றாவது வாரம் மோட்டாரை மாற்றிக் கொடுத்தார்கள். முதலிலேயே அங்கே போயிருக்கலாம்.

ஆகவே, என் வயதுக்காரர்களே, கமெண்டில் போன் நம்பர் வேண்டாம், முகவரி வேண்டாம், பில் நம்பர் வேண்டாம். கோளாறு என்றால் வாங்கிய கடைக்கு நடந்து போங்கள், இல்லை பெட்டியிலும் வாரண்டி அட்டையிலும் அச்சிட்டிருக்கும் நம்பரை மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் எந்த ஆப்பையும் ஏற்றாதீர்கள். பணம் போய்விட்டது தெரிந்தால் அந்த நிமிஷமே 1930. அழுகை, கூச்சம் எல்லாம் அப்புறம்.

போன வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பொங்கல் படத்தின் கீழே ஒரு பெரியவர், ரிட்டயர்டு தாசில்தார் என்று போட்டு, என்னைப் போலவே முகவரி, நம்பரோடு எழுதியிருந்தார். அடியில் அதே 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்'. உடனே அந்தப் பெரியவரின் நம்பருக்கு அடித்தேன். "எந்த கம்பெனிம்மா நீங்க?" என்று சந்தேகமாகக் கேட்டார். கம்பெனி இல்லை ஐயா, ஒரு டீச்சர் என்று நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இப்பதாம்மா ஒருத்தர் பேசினார். ஃபைல் ஒண்ணு அனுப்புறேன்னார், இன்னும் தொறக்கல" என்றார்.

திறக்காமலே அழிக்கச் சொன்னேன். சாயங்காலம் பார்த்தபோது அவருடைய கமெண்ட் இல்லை. அதே படத்தின் கீழே வேறு மூன்று பேருடைய நம்பர்கள் இருந்தன. அவர்களுக்கும் அடித்தேன், இரண்டு பேர் எடுத்தார்கள்.